என் பேர் போட்ட கார்டு

உக்காரு கண்ணு. அங்க வேண்டாம், அந்த சோபாவுக்கு இப்பத்தான் உறை மாத்துனேன், நீ ராத்திரியெல்லாம் பஸ்ஸுல வந்த துணியோட இருக்கே. இந்த ஸ்டூல்ல உக்காரு, ஃபேன் காத்து நேரா வரும். உங்க அக்கா பெட்டி பத்திரமா மாடி ரூம்ல இருக்கு. ரூம் சாவி அவர்கிட்ட மாட்டிக்கிச்சு. பேங்க்குக்குப் போயிருக்காரு, அரை மணி நேரத்துல வந்துருவாரு. விளாத்திகுளத்துலருந்து கோயம்புத்தூர் வரைக்கும் வந்தவ, அரை மணி நேரம் இருக்க மாட்டியா?

வேலம்மா தானே உன் பேரு? கனி சொல்லியிருக்கா. செல்லக்கனின்னு முழுசா கூப்பிட நமக்கு நேரமேது, கனின்னே பழகிப் போச்சு. முகம் அவளுக்கும் உனக்கும் ஒரே அச்சு. உனக்கு நெத்தி கொஞ்சம் அகலம்.

ஃபோன்ல அவ உன்கிட்ட என்னென்ன சொல்லியிருப்பாளோ எனக்குத் தெரியாது. நான் சொல்றதையும் ஒரு தடவை கேட்டுக்கோ. கேட்டுட்டு நீயே சொல்லு, யார் மேல தப்புன்னு.

அவருக்கு லண்டன்ல ஆறு மாசம் வேலை போட்டாங்க. செப்டம்பர்லருந்து பிப்ரவரி வரைக்கும். எங்க பொண்ணு மிதுவுக்கு அப்ப அஞ்சு வயசு. கனி இல்லாம அந்தப் பிள்ளை சோறு திங்காது, தூங்காது. ஒரு வயசுலருந்து அவதானே பாத்துக்கிட்டா. அதனால அவளையும் கூட்டிட்டுப் போலாம்னு நாந்தான் சொன்னேன். அவர் வேண்டாம்னாரு. விசா, டிக்கெட்டு, ஸ்வெட்டர், ஷூ, எல்லாம் நான் நின்னு பண்ணேன். வேலைக்காரியைப் பிளேன்ல ஏத்துறவங்க நம்ம பக்கத்துல எத்தனை பேர் இருக்காங்க, சொல்லு. மேடம்னு கூட கூப்பிட விட்டதில்லை நான். அக்கான்னுதான் கூப்பிடுவா.

அங்க போனா வீடு தீப்பெட்டி மாதிரி. மூணாவது மாடி. எங்களுக்கு ஒரு ரூம், மிதுவுக்கு ஒரு சின்ன ரூம். மிது கட்டிலுக்குக் கீழ கனிக்கு மெத்தை போட்டுக் குடுத்தேன். பாஸ்போர்ட்டை அவர் வாங்கி பீரோல வச்சுட்டாரு. அந்த ஊர்ல பாஸ்போர்ட் தொலைஞ்சா என்ன பண்ணுவா, பாவம்?

பள்ளிக்கூடம் பஸ்ஸுல இருபது நிமிஷம். நடந்தா முக்கால் மணி நேரம். அங்க பஸ்ஸுல காசு வாங்க மாட்டாங்க கண்ணு, கண்டக்டரும் கிடையாது. ஏறுன உடனே டிரைவர் பக்கத்துல ஒரு மெஷின் இருக்கும், மஞ்சளா வட்டம் போட்டிருக்கும். அதுல பேங்க் கார்டைக் காட்டணும். டிங்னு சத்தம் வந்தா போய் உக்காந்துக்கலாம். பின் நம்பர் கேக்காது, கையெழுத்துக் கேக்காது. இறங்கும்போது ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம், பெரியவங்களுக்கு ஆளுக்கொரு கார்டு.

அவர் அங்க ஒரு கணக்குத் தொடங்கி எனக்கும் ஒரு கார்டு வாங்கிக் குடுத்திருந்தாரு. இந்துமதி சென்னியப்பன்னு என் பேர் போட்டது. நான் கடைக்குப் போனா ஃபோனைக் காட்டியே காசு கட்டிருவேன். அதனால கார்டைக் கனிகிட்டக் குடுத்தேன். முதல் நாள் நானும் கூடப் போனேன், சொல்லிக் குடுக்கறதுக்கு. டிங்குன்னுச்சு. அவ நகரவே மாட்டேங்கறா. பின்னாடி வரிசையா ஆள் நிக்குது. "டிக்கெட்டு தரலையேக்கா, நடுவுல செக்கிங் ஏறுனா என்னத்தக் காட்டுவேன்?"ங்கறா. இந்தக் கார்டுதான் டிக்கெட்டுன்னு சொன்னா நம்பல. அன்னைக்கு இறங்கற வரைக்கும் கார்டை உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டே வந்தா.

அப்படி இருந்தவதான். ஒரு மாசத்துல எந்த பஸ் எங்க போகுதுன்னு என்கிட்டச் சொல்ற அளவுக்கு வந்துட்டா. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, நம்பரை வச்சே கண்டுபிடிப்பா. இறங்கும்போது டிரைவருக்கு தேங்க்யூ வேற.

ஞாயித்துக்கிழமை மதியச் சமையல் முடிச்சதும் ரெண்டு மணிலருந்து ஆறு மணி வரைக்கும் உனக்கு லீவுன்னு சொல்லியிருந்தேன். யாரும் கேட்டுக் குடுக்கல, நானாக் குடுத்தது. மொத ரெண்டு வாரம் எங்க போறதுன்னு தெரியாம மாடிப்படியில உக்காந்திருந்தா. அப்புறம் கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்ப ஆரம்பிச்சா. எங்க போறேன்னு கேட்டா, "சும்மா இப்படிப் போயிட்டு வாரேன்க்கா" அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை அந்த வீடு எப்படி இருக்கும் தெரியுமா உனக்கு? அவர் வாரம் பூரா வேலை பாத்த அலுப்புல தூங்குவாரு. மிது டேப்லெட்டும் கையுமா இருப்பா. நாலு மணிக்கே இருட்டிரும். கனி கதவைச் சாத்துற சத்தம் கேக்கும், அப்புறம் படியில இறங்குற சத்தம். அதுக்கப்புறம் ஒரு சத்தம் இருக்காது. அந்த ஊர்ல நான் வாய் திறந்து பேசுற ஒரே ஆள் உங்க அக்காதான். அவ போயிட்டா நான் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். ஆறு மணிக்கு வருவா. மூக்கெல்லாம் சிவந்து, முகம் மட்டும் தெளிவா இருக்கும். என்னமோ கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி.

நவம்பர் மாசம் அவர் கம்ப்யூட்டர்ல எதையோ பாத்துட்டிருந்தவரு சிரிச்சாரு. "இந்து, நீ லண்டன் பூரா சுத்தறே போல"ன்னாரு. என்னன்னு பாத்தா, கார்டை எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த பஸ்ஸுல காட்டுனோம்னு வரிசையா வந்திருக்கு. எல்லாம் என் பேர்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நாலு பஸ், அஞ்சு பஸ். ஒரு பஸ்ஸுல போறது, வேற பஸ்ஸுல திரும்பறது. வாரநாள்லயும் மிதுவை விட்டுட்டு நேரா வரல. ஒன்பதரைக்கு வீட்ல இருக்க வேண்டியவ பதினொரு மணி வரைக்கும் சுத்தியிருக்கா. சந்தையில கூட்டம்னு சொன்னதெல்லாம் பொய்.

அது நானில்ல, கனின்னேன். அவர் என்ன சொன்னாரு தெரியுமா? ஒரு நாளைக்கு மூணு பஸ்ஸுக்கு மேல எத்தனை ஏறுனாலும் அங்க காசு பிடிக்க மாட்டாங்களாம். "நமக்கொண்ணும் நஷ்டமில்ல, விடு"ன்னாரு. காசுக்காகவா நான் பேசுறேன்? என் பேர்ல ஒருத்தி ஊர் சுத்தறா கண்ணு. என் பேரு பஸ்ஸுல போகுது, நான் வீட்ல கிடக்கேன்.

அவளைக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேட்டேன். "யாரு அவன்?"

அவளுக்கு ஒண்ணும் புரியல. "எவன்க்கா?"

"ஞாயித்துக்கிழமை யாரைப் பாக்கப் போறே?"

"யாரையும் பாக்கலக்கா. பஸ்ஸுல போறேன்."

"பஸ்ஸுல எங்க?"

"அது போற எடம் வரைக்கும். அங்க இறங்கி, வேற பஸ்ஸு பிடிச்சு வந்துருதேன்."

"எதுக்கு?"

"பஸ்ஸு மாடியில முன்னாடி சீட்டு இருக்குக்கா. கண்ணாடி. அதுல உக்காந்தா வெதுவெதுன்னு இருக்கு. உக்காந்துட்டே போலாம். யாரும் எந்திரின்னு சொல்ல மாட்டாங்க."

ஏன், வீட்ல உக்கார எடமா இல்லைன்னு கேட்டேன். "எங்கக்கா உக்காருவேன்?"னு கேட்டா. கோபமாக் கேக்கல. நிஜமாவே, நான் ஒரு எடத்தைக் காட்டுனா போய் உக்காந்துக்குவேங்கற மாதிரி கேட்டா. அதுதான் எனக்குப் பொறுக்கல. கிச்சன் தரை சில்லுன்னு இருக்குன்னா ஒரு பலகை கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருக்க மாட்டேனா?

கார்டை வாங்கி வச்சுட்டேன். நீயே சொல்லு, வேற என்ன பண்ணியிருப்பே? ஒரு ரெண்டு வாரம் மிதுவைக் கூட்டிட்டு நடந்து போ, நடந்து வா, அப்பத்தான் அருமை தெரியும்னேன். அவர் குறுக்க வந்தாரு. "குழந்தை எதுக்கு நடக்கணும்?"னாரு. ஊர்ல நம்ம பிள்ளைக நடக்கறதில்லையான்னு வாயை அடைச்சேன். ரெண்டு வாரம்னுதான் நெனச்சேன். அவ ஒரு தடவை, "அக்கா, தெரியாமப் பண்ணிட்டேன், கார்டைக் குடுங்க"ன்னு கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன். கேக்கவே இல்லையே. காலைல எட்டு மணிக்கே பிள்ளையைக் கிளப்பிக் கூட்டிட்டு நடப்பா. விட்டுட்டு நடந்து வருவா. மறுபடி ரெண்டு மணிக்கு நடப்பா. நாலு நடை, மூணு மணி நேரம். கார்டு அலமாரியில அப்படியே இருந்துச்சு. கிறிஸ்துமஸ் லீவு வந்து போச்சு, பள்ளிக்கூடம் திறந்துட்டாங்க, அப்பவும் கேக்கல. நானும் குடுக்கல. அழுத்தக்காரி உங்க அக்கா. உனக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஜனவரியில ஒரு நாள் சாயங்காலம் ஐஸ் தண்ணி மாதிரி மழை. நாலரை ஆச்சு, ரெண்டு பேரையும் காணோம். நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருக்கேன். அஞ்சு மணிக்கு வந்தாங்க. கனி தலையிலருந்து கால் வரைக்கும் நனைஞ்சிருக்கா, அவ கோட்டு மிது மேல கிடக்குது. மிது குதிச்சுட்டே வருது. "அம்மா, ஒரு ஆன்ட்டி கனி அத்தைக்கு டிங் பண்ணாங்க!"

பாதி வழியில மிது நடக்க மாட்டேன்னு அழுதிருக்கா. கனி தூக்கிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, முடியாம ஒரு பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கா. பஸ் வந்ததும் மிதுவை மட்டும் ஏத்திவிட்டு, டிரைவர்கிட்ட வெறுங்கையைக் காட்டி என்னமோ சைகை பண்ணியிருக்கா. அப்ப உள்ள இருந்து ஒரு இலங்கைக்காரம்மா எந்திரிச்சு வந்திருக்கு. "பிள்ளை தெப்பமா நனைஞ்சிட்டுது, என்னட்ட இன்னொரு கார்டு கிடக்கு, ஏறுங்கோ"ன்னு அதோட கார்டைக் காட்டி ஏத்தியிருக்கு. பக்கத்துல உக்கார வச்சு எல்லாத்தையும் கேட்டிருக்கு. எங்க வேலை, யாரு வீடு, எத்தனை மணிக்கு எந்திரிப்பே, எத்தனை மணிக்குப் படுப்பே, பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு. ஊர் வம்பு. ஒரு ஃபோன் நம்பரும் எழுதிக் குடுத்திருக்கு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊர் பேர் தெரியாத ஒருத்தி என் பிள்ளைக்கு இரக்கப்பட்டு ஏத்திக்கிட்டு வரணுமா? நாங்க என்ன பிச்சைக்காரங்களா? அன்னைக்கு நான் கொஞ்சம் கத்திட்டேன். ஒத்துக்கறேன். உன்னைக் கூட்டிட்டு வந்ததுக்கு என் செருப்பாலயே என்னை அடிச்சுக்கணும்னேன். அது என்னைத்தானே திட்டிக்கிட்டேன், அவளையா? அவ அதைக் கேட்டுட்டே மிது தலையைத் துவட்டிட்டிருந்தா.

அப்புறம் கார்டை எடுத்துட்டு வந்து மேசை மேல வச்சேன். இந்தா, எடுத்துக்கோ, எங்க வேணா போய்த் தொலைன்னேன்.

அவ எடுக்கல.

மிதுவுக்கு அன்னைக்கே காய்ச்சல் வந்துருச்சு. மூணு நாள் பள்ளிக்கூடம் போகல. கனிதான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டா. அதைச் சொல்லணும், குறை சொல்ல மாட்டேன். கஞ்சி வச்சு, ஈரத்துணி போட்டு, ஒரு நேரம் கண்ணை மூடல. மூணு நாளும் கார்டு அந்த மேசை மேலயே கிடந்துச்சு. தட்டு வைக்கறப்ப அதை நகத்தி வச்சுட்டுத் தட்டை வைப்பா. தட்டை எடுத்ததும் திரும்ப அதே எடத்துல நகத்தி வைப்பா. நாலாம் நாள் மிதுவுக்குச் சரியாச்சு. காலைல யூனிஃபார்ம் மாட்டிவிட்டு, மேசையைத் தாண்டி நடந்து போனா.

பத்து மணிக்கு பெல் அடிக்குது. கதவைத் திறந்தா கனி நிக்கறா. பின்னாடி அந்த இலங்கைக்காரம்மா. அதுக்குப் பின்னாடி ஒரு வெள்ளைக்காரி, கையில ஃபைல், ஏதோ வேலைக்காரங்களுக்கு உதவுற சங்கமாம்.

"அக்கா, என் பாஸ்போர்ட்டைக் குடுங்க"ன்னா.

அது அவர்கிட்ட இருக்கு, சாயங்காலம் பேசிக்கலாம், நீ முதல்ல உள்ள வான்னேன். அவ வரல. அந்தம்மாதான் பேசுச்சு. நல்ல மரியாதையாத்தான். "நீங்கள் இவவின்ர பாஸ்போர்ட்டை வச்சிருக்கக் கூடாது தங்கச்சி. அது இந்த நாட்டுச் சட்டம். இவ விரும்பினா வேற இடத்தில வேலை செய்யலாம். குடுத்தீங்களெண்டா நாங்கள் போயிடுவம்." வெள்ளைக்காரி என்னையே பாத்துட்டு நிக்கறா. நான் அவருக்கு ஃபோன் போட்டேன். அவர் என்ன நடந்துச்சுன்னு கூடக் கேக்கல. "குடுத்துரு, பிரச்சனை வேண்டாம்"னு வச்சுட்டாரு.

குடுத்தேன். அவ பையில நாலு துணிதான். அதை எடுத்துக்க அஞ்சு நிமிஷம் ஆகல. போகும்போது என்ன சொன்னா தெரியுமா? அழுவா, இல்ல திட்டுவா, ரெண்டுல ஒண்ணு இருக்கும்னு நெனச்சேன். "சாம்பார் வச்சிருக்கேன்க்கா, சோறு மட்டும் வச்சுக்கோங்க. மூணேகாலுக்குப் பாப்பாவைக் கூப்பிடப் போகணும், மறந்துராதீங்க"ன்னா. நாலு வருஷத்துக்கு அவ்வளவுதான். ஏன் பண்ணே, நான் என்ன குறை வச்சேன்னு கேட்டேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டா. அப்புறம் படியில இறங்கிட்டா.

இப்ப அங்க ஒரு வயசானவங்க வீட்ல இருக்காளாமே. தனி ரூமாம். நீ சொல்ல வேண்டாம், எனக்கே சேதி வந்துச்சு. ஊர்ல இருக்கற அவ பொண்ணை ஒன்பதாவது சேக்கறதுக்கு சர்ட்டிபிகேட் வேணும்னுதானே பெட்டிக்கு உன்னை அனுப்பியிருக்கா? என்கிட்டயே ஒரு வார்த்தை ஃபோன்ல கேட்டிருந்தா நான் தபால்ல அனுப்பியிருக்க மாட்டேனா?

என்னைப் பத்தி என்ன சொன்னா? சும்மா சொல்லு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஒண்ணுமே சொல்லலையா? திட்டல? நல்லா யோசிச்சுப் பாரு. ஒரு வார்த்தை கூடவா?

சரி விடு.

அன்னைக்கு மூணேகாலுக்கு நான்தான் போனேன். கார்டைக் காட்டி ஏறுனேன். திரும்பி வரும்போது மிது கையைப் பிடிச்சு இழுத்து மாடிக்குக் கூட்டிட்டுப் போச்சு. இங்கதான் உக்காரணும், இதுதான் எங்க சீட்டுன்னு முன்னாடி உக்கார வச்சுது. "கனி அத்தை எப்ப வருவா?"ன்னு கேட்டுச்சு. ஊருக்குப் போயிட்டான்னேன். அப்ப திரும்பிப் பாத்துச்சு பாரு என்னை. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பிள்ளை என்கிட்ட முழுசா ஒட்டல கண்ணு. ராத்திரி ரூம்ல தனியாத்தான் படுத்துக்குது. நான் போய்ப் படுத்தா சுவத்துப் பக்கம் திரும்பிக்கும்.

உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை நானும் போனேன். ரெண்டு மணிக்கு அவரும் மிதுவும் தூங்கிட்டாங்க. கோட்டை மாட்டிக்கிட்டு, கார்டை எடுத்துட்டு, அவ ஏறுன அதே நம்பர் பஸ்ஸைப் பாத்து ஏறுனேன். மாடி, முன்னாடி சீட்டு. அது போற எடம் வரைக்கும் போனேன். அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துரலாம்னு. ஒண்ணுமே இல்ல. கடை, மரம், மழை, மறுபடி கடை. ஒரு சர்ச். நாய் கூட்டிட்டுப் போற ஒரு கிழவன். இதுக்கா ஒருத்தி வாரா வாரம் போனான்னு எனக்குச் சிரிப்பா வந்துச்சு. கண்ணுல தண்ணியும் வந்துச்சு, அது அந்த ஹீட்டர் காத்துக்கு. எனக்கு ஒத்துக்காது.

நாலு ஞாயிறு போனேன். அப்புறம் ஊருக்கு வந்துட்டோம்.

அந்த லிஸ்ட்டுல அதுவும் வந்திருக்கும், எந்த பஸ், எத்தனை மணின்னு. அவர் அதுக்கப்புறம் அதைத் திறக்கவே இல்ல. என்னை யாரு பாக்கப் போறா.

உனக்குப் பாஸ்போர்ட் இருக்கா வேலம்மா? சும்மாதான் கேட்டேன். ஜூன்ல அவருக்கு மெல்போர்ன் போட்டிருக்காங்க, ஒரு வருஷம். பிள்ளையைப் பாத்துக்க ஆள் வேணும். உன்னைப் பாத்தா மிது ஒட்டிக்கும், அதே முகம் பாரு. பாஸ்போர்ட்டை நீயே வச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை முழுசா லீவு தர்றேன். கார்டு உன் பேர்லயே வாங்கித் தரச் சொல்றேன்.

என்ன சொன்னே? சத்தமாச் சொல்லு கண்ணு, ஃபேன் சத்தத்துல கேக்கல. உங்க அக்காகிட்டக் கேட்டுட்டுச் சொல்றியா?

கேளு. கேக்காம இருக்க முடியுமா. நான்தான் கேக்கச் சொன்னேன்னு சொல்லியே கேளு.

இரு, கார் சத்தம் கேக்குது, அவர்தான். பெட்டியை இறக்கித் தரச் சொல்றேன். வேலம்மா, ஒண்ணே ஒண்ணு. நான் அந்த பஸ்ஸுல போனது அவருக்குத் தெரியாது. அவகிட்டயும் சொல்லிராதே.